பெட்டியில் ஒன்று, தாளில் ஒன்று

ஜெசிந்தாவின் கையிலிருந்து கீபோர்டை நான் பிடுங்கினேன். கொஞ்சம் மரியாதையாக வேறு சொல் போடலாமா என்று யோசித்தேன். நடந்தது அதுதான், பிடுங்கினேன்.

பாம்பனில் ஒரு மீனவர் சங்கத்தின் மாடி அறை. காலை பத்து மணி இருக்கும். ஆனி மாதமோ ஆடியோ, கச்சான் காற்று மேற்கேயிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் உப்பு ஒட்டும். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

வயர்லெஸ்ஸில் ஒரு குரல் கரகரத்தது. "சகாயமாதா" என்ற விசைப்படகின் டிரைவர் சேசுராஜின் குரல். காலை எட்டு மணிக்கே படகின் மோட்டார் நின்றுவிட்டது. அப்போது, "நாங்களே சரி பண்ணிக்கிறோம், எதுக்கும் இடத்தைக் குறிச்சு வச்சுக்கங்க" என்று சொல்லியிருந்தார். சங்கத்தில் வயர்லெஸ் பார்க்கும் ஜெசிந்தா அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தார்.

இப்போது பத்து மணிக்கு அவரே மறுபடி கூப்பிடுகிறார். மோட்டார் கிளம்பவில்லை. நங்கூரக் கயிறும் அறுந்துவிட்டது. ஐந்து ஆட்களோடு படகு கிழக்கே ஓடுகிறது. கிழக்கே என்றால் எல்லைக்கோடு.

கட்டி இழுத்து வர இரண்டு படகுகள் துறையில் தயாராகிக்கொண்டிருந்தன. கரையில் இருக்கும்போதே அவர்களுடைய போனுக்குப் புது இடம் போய்ச் சேரவேண்டும். கொஞ்ச தூரம் போய்விட்டால் போனில் சிக்னல் இருக்காது, வயர்லெஸ் இரைச்சலில் எண் தப்பாகக் கேட்கக்கூடும்.

ஜெசிந்தா காலையில் பதிந்ததைத் திறந்தார். வடக்குக்கு டிகிரி, நிமிடம், கிழக்குக்கு டிகிரி, நிமிடம் என்று நான்கு பெட்டிகள். சேசுராஜ் இப்போது சொன்னதில் மாறியிருந்தது ஒரே ஒரு பெட்டி. அவரோ நான்கையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மென்பொருளை எழுதியவன் நான்தான். புது பிரிண்டரை மாட்டிக்கொடுக்க அன்று காலைதான் ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்தேன்.

"எதுக்கு எல்லாத்தையும் அழிக்கிறீங்க? அந்த ஒண்ணை மட்டும் மாத்துனாப் போதாதா?"

சொல்லிக்கொண்டே கீபோர்டைப் பிடுங்கி, அழித்தவற்றைப் பழையபடி கொண்டுவந்து, கடைசிப் பெட்டியில் 24 என்று இருந்ததை 27 ஆக்கினேன். திரையில் பளிச்சென்று 27.

"இப்ப அனுப்புங்க."

"இருங்க சார்," என்றார் ஜெசிந்தா. அனுப்பவில்லை. பிரிண்ட் பொத்தானை அழுத்தினார்.

கடலில் ஓர் இடம்

போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார், "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தேன்னு சொல்றியே, நீ பண்ணுன பெரிய தப்பு எதுப்பா?" அதற்கான பதில்தான் இந்த வாரம்.

எனக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய் போடுகிற குடும்பம். எங்கள் அய்யாவிடம் ஓர் இடத்தைக் கேட்டால், "ஊருணிக்குத் தெக்க, ஒத்தப் பனைக்கு அங்கிட்டு" என்பார். போய்ச் சேர்ந்துவிடலாம். கடலில் பனை ஏது? அங்கே இடம் என்றால் எண்தான்.

இந்தச் சங்கம் என்னிடம் வந்தபோது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 9.25 என்று ஒருவர் எழுதியிருப்பார். ஒன்பது டிகிரி இருபத்தைந்து நிமிடம் என்று அர்த்தம். அதையே கம்ப்யூட்டரில் அடித்தால், ஒன்பதேகால் டிகிரி என்று அது எடுத்துக்கொள்ளும். ஒன்பதேகால் டிகிரி என்பது ஒன்பது டிகிரி பதினைந்து நிமிடம். ஒரு புள்ளியை வாசிப்பதில் பத்து நிமிடம் போய்விடும். கடலில் ஒரு நிமிடம் என்பது கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர்.

ஆகவே சாதாரண எண்ணாக வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். எண், எழுத்து, தேதி என்று சில வகைகள் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரியும். "கடலில் ஓர் இடம்" என்ற வகை அதற்குத் தெரியாது. அதை நாமே உண்டாக்கிக் கொடுக்கலாம். நான் கொடுத்தேன். நிமிடம் அறுபதைத் தொட்டால் அடுத்த டிகிரிக்குப் போய்விட வேண்டும், வடக்கும் கிழக்கும் ஒன்றையொன்று விட்டுப் பிரியக்கூடாது என்று அதற்கு நான்கைந்து புத்திமதிகளும் சொல்லி வைத்தேன்.

அடுத்த வேலை, திரையில் தெரிகிற பெட்டிகளையும் உள்ளே கிடக்கிற பதிவையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடுவது. எங்கள் தொழிலில் இதை பைண்டிங் என்போம். பெட்டியில் மாற்றினால் பதிவு மாறவேண்டும், பதிவு மாறினால் பெட்டி மாறவேண்டும். சாதாரண எண்ணுக்கு இந்த முடிச்சை, நாங்கள் மென்பொருள் எழுதப் பயன்படுத்தும் கருவியே போட்டுக்கொள்ளும். நாமே செய்த வகைக்கு நாமேதான் போடவேண்டும்.

போட்டேன். அழகாகப் போட்டதாகத்தான் நினைத்தேன். ராமநாதபுரம் கேணிக்கரையில் என் சின்ன ஆபீஸில் உட்கார்ந்து இருபது தடவையாவது சோதித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதுப் பதிவாகத் திறந்து, நான்கு பெட்டியையும் நிரப்பித்தான் சோதித்தேன். பாதியில் ஒன்றைத் திருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்று போன்கள்

மென்பொருளைக் கொடுத்து ஒரு மாதத்தில் ஜெசிந்தாவிடமிருந்து முதல் போன்.

"சார், பெட்டில ஒண்ணு இருக்கு, தாள்ல ஒண்ணு இருக்கு."

"சேவ் பண்ணாம பிரிண்ட் எடுத்திருப்பீங்க மேடம்."

"சேவ் பண்ணிட்டுத்தான் சார் எடுத்தேன்."

"ஒரு தடவை மூடிட்டுத் திறந்து பாருங்க."

திறந்து பார்த்தால் பெட்டியிலும் பழைய எண் வந்துவிடும். பெட்டியும் தாளும் ஒத்துப்போகும். பிரச்சினை தீர்ந்தது என்று நான் போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது போனிலும் கிட்டத்தட்ட இதே பேச்சு. இந்தத் தடவை என் குரலில் கொஞ்சம் சலிப்பும் இருந்தது.

மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அவர் சொன்னது எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

"சார், நான் பாத்துட்டேன். நாலையும் அழிச்சிட்டு முதல்லருந்து அடிச்சா சரியாப் போகுது. ஒண்ணை மட்டும் திருத்துனா உள்ள போக மாட்டேங்குது. திரையில மட்டும் மாறுது."

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் எழுந்து நின்றுவிடுவார்கள். ஒரு பிழையை எப்போது வரும், எப்போது வராது, எங்கே தெரியும், எங்கே தெரியாது என்று இத்தனை சுத்தமாகப் பிரித்துச் சொல்லப் பெரிய கம்பெனிகளில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். நான் பதிலுக்குச் சொன்னது, "சரி மேடம், அப்படியே அடிச்சுக்கங்க. வாரப்ப பாக்கறேன்."

போனை வைத்ததும் அதை விட்டுவிட்டேன், பார்க்கப் போகவில்லை. அவர் அப்படியே அடித்துக்கொண்டார்.

ஜெசி அக்கா

ஜெசிந்தா, பாம்பனுக்குப் பக்கத்தில் அக்காள்மடத்துக்காரர். கடல் தொழில் செய்கிற குடும்பம். அப்பாவும் கடலில், கணவரும் கடலில். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு ஓர் இறால் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். ஐஸ் தண்ணீரில் கை வைத்தே விரல் நுனி மரத்துப்போச்சு என்று ஒருமுறை சொன்னார்.

சங்கத்துக்கு வயர்லெஸ் வந்தபோது ஆள் கேட்டார்கள். இவர் வந்து நின்றார். ஒரு பொம்பளைப் பிள்ளை குரலைக் கேட்டுக் கடலில் தொழில் செய்வதா என்று சில டிரைவர்கள் முறுக்கிக்கொண்டார்களாம். ஒரு மழைக்காலம் கழிந்தது. அதற்குப் பிறகு, இவர் லீவு போட்ட நாளில் வேறு யாராவது பேசினால், "ஜெசி அக்கா இல்லையா? சரி, அப்புறம் பேசறேன்" என்று அணைத்துவிடுவார்களாம்.

காரணம் அவருடைய காது. வயர்லெஸ் இரைச்சலில் ஒன்பதும் ஐம்பதும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் எந்த எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லச் சொல்வார். "இருபத்தி ஏழுன்னு சொல்லாதீங்கண்ணே. ரெண்டு, ஏழுன்னு சொல்லுங்க." கேட்டு முடித்ததும் அதைத் திருப்பி வாசித்துக் காட்டுவார். அந்தப் பக்கம் "சரி" என்று வரும்வரை விடமாட்டார்.

அதை அவர் திரையிலிருந்து வாசிப்பதில்லை. தாளில் எடுத்துத்தான் வாசிப்பார். காகிதம் வீணாகிறதே என்று சங்கத்தில் யாரோ கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை நானே கேட்டிருக்கிறேன்.

"நான் அடிச்ச பெட்டியவே பாத்து நான் வாசிச்சா, நான் அடிச்சதைத்தான வாசிப்பேன்? உள்ள போய்ச் சேந்தது எதுன்னு தெரிய வேணாமா?"

அன்று அது எனக்கு ஒரு பழக்கதோஷமாகத்தான் பட்டது.

தாள் வந்தது

புது பிரிண்டர், வேகமாகத் துப்பியது. ஜெசிந்தா தாளை எடுத்துப் பார்த்தார். என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

கிழக்கு, எழுபத்தொன்பது டிகிரி, இருபத்து நான்கு நிமிடம்.

திரையைப் பார்த்தேன். 27. தாளைப் பார்த்தேன். 24. மறுபடி திரையைப் பார்த்தேன்.

நான் "அனுப்புங்க" என்று சொன்னபோது அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால், இரண்டு படகுகளும் ஐந்தாறு கிலோமீட்டர் மேற்கே, ஒன்றுமில்லாத தண்ணீருக்குப் போயிருக்கும். அவர்கள் அங்கே தேடிக்கொண்டிருக்க, இன்னும் அதே அளவு தூரத்தில் இருந்த எல்லைக்கோட்டை நோக்கி "சகாயமாதா" போய்க்கொண்டே இருந்திருக்கும். கோட்டைத் தாண்டிய படகுக்கும் ஆட்களுக்கும் என்ன நடக்கும் என்று அந்தத் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜெசிந்தா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். நான்கு பெட்டியையும் அழித்தார். முதலிலிருந்து அடித்தார். பிரிண்ட். தாளை ஒரு கையிலும் மைக்கை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"சேசண்ணே, வாசிக்கிறேன் கேளுங்க. வடக்க ஒம்போது டிகிரி, ரெண்டு, ஒண்ணு. கிழக்க ஏழு ஒம்போது டிகிரி, ரெண்டு, ஏழு."

இரைச்சல். பிறகு, "சரிதான் ஜெசி. ரெண்டு ஏழு. சீக்கிரம் வரச் சொல்லு."

"இந்தா கிளம்புறாங்க. தார்ப்பாய் இருந்தா கயித்துல கட்டித் தண்ணில போடுங்க. படகு ஓடுறது கொறையும்."

அதன் பிறகுதான் அனுப்பு பொத்தானைத் தொட்டார். ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்து, "வந்துருச்சா?" என்று கத்தினார். துறையிலிருந்து ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார்.

நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன்.

நகலும் மூலமும்

ஒரு ஓரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். அவர் மூன்றாவது போனில் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு தேடினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தப்பு கிடைத்துவிட்டது.

நான் உண்டாக்கிய அந்த "இடம்" என்ற வகைக்கு ஒரு குணம் உண்டு. யார் கேட்டாலும் மூலத்தைத் தராது, நகல் எடுத்துத்தான் தரும். நான்கு பெட்டிகளும் காலியாக இருந்து முழுசாக நிரப்பும்போது, புது இடம் ஒன்று உருவாகி நேராகப் பதிவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பெட்டியை மட்டும் திருத்தும்போது திருத்தம் நகலில் விழுந்தது. திரையில் தெரிந்ததும் அந்த நகல்தான். மூலம் யாரும் தொடாமல் பழையபடி கிடந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. இரண்டு கல்லூரிகளில் போய் இதைப் பற்றிப் பேசிவிட்டும் வந்திருக்கிறேன்.

திருத்தமும் எளிதுதான். ஒருமுறை உருவான இடத்தை யாரும் உள்ளே கைவைத்து மாற்றமுடியாதபடி பூட்டினேன். எந்தப் பெட்டி மாறினாலும் நான்கையும் சேர்த்துப் புது இடம் ஒன்று செய்து, முழுசாகப் பதிவில் வைக்கும்படி எழுதினேன். ஜெசிந்தா இத்தனை மாதம் கையால் செய்துகொண்டிருந்ததை இனி மென்பொருள் செய்யும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரியாயிருச்சு மேடம்," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "யாரு பாத்தா?"

இழுக்கப்போன படகுகள் வயர்லெஸ்ஸில் பேசாத நேரத்திலெல்லாம் அவர் அந்தப் பெட்டிகளைக் குடைந்தார். ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் தாள் எடுத்தார். நான்கும் சரி. எனக்கு மூச்சு வந்தது.

"இப்ப பாருங்க," என்றார். எண்ணை அடித்தார். அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராமல் அப்படியே என் போனுக்கு அனுப்பும்படி ஷார்ட்கட் கீயைத் தட்டினார். வந்தது பழைய எண்.

கர்சர் பெட்டியை விட்டு வெளியே வந்தால்தான் எண் உள்ளே போகும்படி நான் எழுதியிருந்தேன். அவசரத்தில் யார் வெளியே வருவார்கள்?

"ஆள் கத்திக்கிட்டு இருக்கப்ப நான் அடுத்த பெட்டிக்குப் போயி, திரும்பி வந்துக்கிட்டு இருக்க மாட்டேன் சார்."

அதையும் திருத்தினேன். பிறகு அவர் நிமிடத்தில் 62 என்று அடித்தார். மென்பொருள் சாமர்த்தியமாக அதை அடுத்த டிகிரியும் இரண்டு நிமிடமுமாக மாற்றிக்கொண்டது. நான் பெருமையாக எழுதிய பகுதி அது. கணக்குப்படி அது சரியும்கூட.

ஜெசிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. "அறுபத்திரெண்டுன்னு எந்த ஜிபிஎஸ்ஸும் காட்டாது. அப்ப நான் தப்பாக் கேட்டிருக்கேன். அவுக சொன்னது அம்பத்திரெண்டா இருக்கும். இது பாட்டுக்கு ஒண்ணை மாத்தி வச்சிக்கிட்டா நான் எப்படித் திருப்பிக் கேக்குறது? தப்புன்னா தப்புன்னு செவப்பாக் காட்டச் சொல்லுங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி அது காட்டக் கூடாது."

சிவப்பாகக் காட்டச் செய்தேன். இருபது வருஷத் தொழிலில் என் வேலையை இத்தனை அக்கறையாக இன்னொருவர் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்திருந்தோம். யாரோ கீழேயிருந்து டீயும் வடையும் அனுப்பினார்கள்.

துறையில்

நாலு மணி வாக்கில் "சகாயமாதா" கயிற்றில் கட்டுண்டு வந்து சேர்ந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமே, சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்ததாம்.

நானும் ஜெசிந்தாவும் இறங்கிப் போனோம். ஐந்து பேரும் உப்புப் பூத்த முகத்தோடு இறங்கினார்கள். சேசுராஜ் நாற்பது வயதிருக்கும் ஆள். வந்த வேகத்தில் ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டு அழுதார்.

"ஜெசி, ஒன் புண்ணியம்," என்றார் சேசுராஜ்.

"எட்டு மணிக்கே ஆள் வேணும்னு சொல்லியிருந்தா புண்ணியம் எதுக்கு?" என்று ஜெசிந்தா போட்டார் ஒரு போடு. எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் என்னைக் காட்டி, இவர்தான் அந்த சாஃப்ட்வேர் எழுதினவர் என்று சொல்லிவிட்டார். சேசுராஜ் ஈரக்கையோடு என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாப் வரை ஜெசிந்தாவும் வந்தார். அவருக்கு அக்காள்மடம், எனக்கு எதிர்ப் பக்கம். காற்றில் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டார்.

"மூணு தடவை சொன்னேன்ல சார். ஏன் நம்பல?"

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

வேலைப்பளு, மறந்துவிட்டேன் என்றெல்லாம் வாயில் வந்தது. அன்று காலை நடந்ததற்குப் பிறகு அதைச் சொல்ல முடியவில்லை.

"கம்ப்யூட்டர் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்கு முன்பே தெரியும் என்பதுபோல இருந்தது.

"இனிமே நீங்க என்ன சொன்னாலும் நம்பறேன்."

"என்னைய நம்பி என்னத்த சார் ஆகப் போகுது? எனக்கும் தப்பாக் கேக்கும். யாரு சொன்னாலும் வந்து பாருங்க. அது போதும்."

அவருடைய பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, தொண்டியில் நான் எழுதிக்கொடுத்திருந்த ஒரு ஐஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தேதிப் பெட்டியில் வெள்ளிக்கிழமை மட்டும் ஏதோ தகராறு என்றார் அங்கே வேலை பார்க்கும் பெரியவர். வெள்ளிக்கிழமை மட்டும் தகராறு செய்ய வழியே இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். எழுதியவன் நான்தானே. "நீங்க என்ன பண்ணியிருப்பீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். வாய் அங்கேயே நின்றது.

"கம்ப்யூட்டரை அப்படியே வச்சிருங்க, ஒண்ணும் தொட வேணாம்," என்றேன். "நான் வாரேன்."

ஆபீஸைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.